இறக்கக்கண்டித் தண்ணீரா, புள்ளிவிபரவியல் வகுப்பா?

மருமகள் விடுமுறைக்கு வந்த மறுநாளே ஒரு கொப்பித் தாளோடு என் வீட்டுப் படியேறிவிட்டாள். தாளின் நடுவே கோடு. இடப்பக்கம் ‘ஆய்வு’, வலப்பக்கம் ‘பாடம்’. இரண்டு பக்கமும் ஏழேழு காரணங்கள். இரவெல்லாம் எழுதியும் தராசு ஒரு பக்கமும் சாயவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது.

விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவள். அது முடிந்ததும் வெளிநாட்டில் பட்டப்பின் படிப்பு என்பது அவளுடைய எண்ணம். அவளுடைய விரிவுரையாளர் ஒருவர், திருகோணமலையில் நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் இறக்கக்கண்டிக் களப்பின் நீரை ஆராயத் துணைக்கு ஒரு மாணவரைத் தேடுகிறார். இரண்டு செமஸ்டர், வாரம் பத்து மணித்தியாலம். சம்பளம் இல்லை, கிரெடிட்டும் இல்லை. அதே இரண்டு செமஸ்டர்களில் பிரயோகப் புள்ளிவிபரவியல், கணித மாதிரியுருவாக்கம் என்று இரண்டு விருப்பப் பாடங்கள் வருகின்றன. தலா மூன்று கிரெடிட், இரண்டும் எலும்பை முறிப்பவை. ஆய்வுக்குப் போவதென்றால் அவற்றை விட்டுவிட்டு இலேசான இரண்டு பாடங்களால் கிரெடிட் கணக்கை நிரப்பிவிடலாம் என்று சினேகிதிகள் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

“மாமா, எது நல்லது?” என்றாள்.

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னர் அலகைப் பார்ப்பது தொழில் வழக்கம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆறு கிரெடிட்டுக்கு 300 மணித்தியாலம். ஆய்வோ வாரம் 10 மணித்தியாலமாக 30 வாரம், அதுவும் 300. இரண்டு பொருளுக்கும் ஒரே விலை. ஆகவே எது மலிவு என்று பேசிப் பயனில்லை. அந்த 300 மணித்தியாலத்துக்கு எந்தக் கடையில் என்ன கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் பாடத்தின் கடை. என்னுடைய அக்கா, அதாவது அவளுடைய அம்மா, அதற்குள் வந்து கதவு நிலையில் சாய்ந்துவிட்டாள். அக்காவின் கட்சி தெளிவானது: முதல் வகுப்பு எடுக்க வேண்டும், களப்பில் இறங்கித் தண்ணீர் அள்ளுவதற்கா உயர்தரத்தில் இரவு பகலாகப் படித்தது? நியாயமான கேள்விதான். நான் கல்குலேட்டரை எடுத்தேன்.

நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக நான்குக்குப் புள்ளிச் சராசரி 3.70 என்றால் முதல் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 என்றால் கீழ்ப்பிரிவு. மருமகள் இதுவரை முடித்தது 75 கிரெடிட். புள்ளிச் சராசரி 3.42. சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். மீதமிருக்கும் 45 கிரெடிட்டிலும் ஒன்று தவறாமல் ‘ஏ’ எடுத்து 4.00 வாங்கினாலும் கடைசிச் சராசரி 3.63ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 3.70ஐ எட்ட வேண்டுமானால் மீதிப் பாடங்களில் 4.17 எடுக்க வேண்டும். நான்கே உச்சமான அளவில் அப்படியொரு பெறுபேறு கிடையாது. மறுபுறம், மேற்பிரிவைக் காப்பாற்ற மீதியில் 3.10 எடுத்தாலே போதும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு “கணக்கைத் திரும்பப் போடு” என்றாள். திரும்பப் போட்டேன். உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குத் தேநீர் வரவில்லை.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மாணவரும் மூன்றாம் ஆண்டின் நடுவில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். போடாதவர்கள்தான் ‘மார்க்ஸா ஆராய்ச்சியா’ என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறார்கள். மருமகளின் சராசரி 3.42க்குப் பதிலாக 3.15 ஆக இருந்திருந்தால் நான் களப்புப் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டேன். அப்போது 3.30ஐத் தொட மீதி 45 கிரெடிட்டில் 3.55 வேண்டும். முடியும், ஆனால் கவனம் சிதறக்கூடாது. 3.60இல் நிற்கும் பிள்ளைக்கு மீதியில் 3.87 எடுத்தால் முதல் வகுப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்குத்தான் உண்மையான தலையிடி. நம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக விரும்பினால் வகுப்புதான் முதலில் பார்க்கப்படும். அவர் பாடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். மருமகள் இருக்கும் இடமோ, மேலே ஏற வாசல் இல்லாமலும் கீழே விழப் பெரிய பயம் இல்லாமலும் உள்ள நடுமாடி. அங்கே கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் சந்தையில் விலை குறைவு.

ஆனால் இந்த விலையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரித்தானியா வழங்கும் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்குக் குறைந்தது மேற்பிரிவு வேண்டும். கீழ்ப்பிரிவுக்காரர் என்றால் கூடவே ஒரு முதுமாணியும் கையில் இருக்க வேண்டும். அங்கே மதிப்பெண் ஒரு படலை. திறந்துவிட்டால் 3.35க்கும் 3.55க்கும் பெரிய பேதம் இல்லை. ஜேர்மனியில் கணக்கு வேறு. நம் சராசரியை அவர்களுடைய அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: நான்கிலிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, இரண்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். (சித்தியடைய 2.00 வேண்டும் என்ற நம் அளவுக்கு உரிய கணக்கு இது.) 3.42 அங்கே 1.87 ஆகிறது, அங்கே எண் சிறுத்தால்தான் மதிப்பு. பல முதுமாணி நெறிகள் 2.5 வரை ஏற்கின்றன. நம் 3.00 சரியாக அந்த 2.5இல் போய் நிற்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கணிதத்தில் இத்தனை கிரெடிட், புள்ளிவிபரவியலில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் ஜேர்மன் நெறிகள் நிறைய. பாடப்பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டால், நீங்கள் களப்பில் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஆராய்ந்திருந்தாலும் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போதே என்ன ஆராயப் போகிறீர்கள் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு முறையாவது உண்மையான ஆய்வில் கைநனைத்தவரின் திட்டத்துக்கும் இணையத்தைப் பார்த்து எழுதியவரின் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிடும். அவுஸ்திரேலியாவிலும் ஆய்வுப் பட்டத்துக்கான உதவித்தொகைப் போட்டியில் சிறப்புப் பட்டத்தின் வகுப்போடு ஆய்வனுபவத்தையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

அமெரிக்காவைப் பற்றித்தான் மருமகள் அதிகம் வாசித்திருந்தாள். இளமாணி முடித்தவரை நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கு எடுத்து, கட்டணத்தையும் தள்ளுபடி செய்து, மாதப்படியும் கொடுக்கும் துறைகள் அங்கே உண்டு என்பது பெரிய கவர்ச்சி. ஆய்வு செய்த பிள்ளைக்கே அங்கே மதிப்பு என்பதும் உண்மை. ஆனால் அந்நாட்டு வழிகாட்டிக் குறிப்புகளை அப்படியே எடுத்து நம் தலையில் வைத்துக்கொண்டால் சறுக்கும். ‘கோடை விடுமுறையில் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பத்து வாரம் ஆய்வு செய்யுங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் அந்தத் திட்டத்தில் உதவித்தொகை பெற அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். நாங்கள் இருக்கும் உப்புவெளியில் இருந்து விண்ணப்பிக்க முடியாது. நமக்கு ஆய்வு என்றால் நம் விரிவுரையாளர், நம் களப்பு, அல்லது வீட்டில் இருந்தபடியே பதிவிறக்கக்கூடிய தரவுகள்.

இன்னொன்று நாட்காட்டி. அமெரிக்கக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பர். நம் சிறப்புப் பட்ட மாணவர்கள் ஆய்வேட்டில் கைவைப்பதே நான்காம் ஆண்டில். டிசம்பரில் விண்ணப்பம் எழுத உட்காரும்போது பலரிடம் ஆய்வின் தலைப்பு மட்டும்தான் இருக்கும், பெறுபேறு இருக்காது. மேற்பார்வையாளருக்கும் அவர்களை இரண்டு மாதம்தான் தெரிந்திருக்கும். அவர் என்ன கடிதம் எழுதுவார்? மூன்றாம் ஆண்டில் ஆய்வைத் தொடங்குவதன் பெரிய லாபம் இதுதான். மருமகளின் பட்டியலில் இருந்த ஏழு காரணங்களில் இது இல்லை.

கடிதம் என்றதும் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

நான் மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். ஆய்வு என்றுதான் சொன்னார்கள். செய்தது போத்தல் கழுவுவது. ஐதான அமிலத்தில் ஊறவைத்து, வடிநீரில் மும்முறை அலசி, கவிழ்த்து வைத்து, சீட்டு ஒட்டுவது. அந்தப் போத்தலில் எந்த ஊர் நீர் வருகிறது, அதில் எதைத் தேடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு செமஸ்டரில் போத்தலுக்கும் பரீட்சைக்கும் இடையில் ஓடி இரண்டு பாடங்களில் ‘சி’ வாங்கினேன். கடைசியில் சராசரி 3.27. மேற்பிரிவுக்கு 0.03 குறைவு. இன்றைக்கும் யாராவது ‘மூன்று தசமம்’ என்று சொன்னால் வயிற்றில் ஏதோ புரளும்.

அந்தக் காலத்தில் பரிந்துரைக் கடிதத்தைப் பெரும்பாலும் கையிலேயே தந்துவிடுவார்கள். ஆய்வுகூடத் தலைவர் தந்தது மூன்று வரி. நான் நேரந்தவறாதவன், நன்னடத்தை உள்ளவன், எதிர்காலத்தில் வெற்றிபெற வாழ்த்துகிறார். அவர்மேல் பிழையில்லை, எட்டு மாதத்தில் அவர் என்னைப் பார்த்தது பத்துத் தடவை இருக்கும். புள்ளிவிபரவியல் படிப்பித்தவரின் கடிதமோ ஒன்றரைப் பக்கம். நான் வாரம் தவறாமல் அவருடைய அறை வாசலில் கேள்வியோடு நின்றதை எழுதியிருந்தார். அவர் கரும்பலகையில் போட்ட ஒரு படியில் பிழை இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதையும், மறுநாள் அவர் அதை ஒப்புக்கொண்டதையும் எழுதியிருந்தார். எனக்கு முதுமாணிக்கு இடம் வாங்கித் தந்தது அந்தக் கடிதம். என்ன வேடிக்கை பாருங்கள்: என்னுடைய ஆய்வுத் திறமைக்குச் சாட்சி கிடைத்தது வகுப்பறையில், ஆய்வுகூடத்தில் என் கைக்குக் கிடைத்தது வெடிப்பு.

ஆகவே மருமகளுடைய தாளில் நான் நடுக்கோட்டை அழித்துவிட்டு வேறொரு கோடு போட்டேன். ஒரு பக்கம், நீ யோசிப்பதை ஒருவர் கிட்ட இருந்து பார்க்கும் இடங்கள். மறுபக்கம், பார்க்காத இடங்கள். நூற்றிருபது பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்துப் பாடமும் போத்தல் கழுவும் ஆய்வும் ஒரே பக்கத்துக்குப் போய்விட்டன. அவள் சிரித்தாள். பிறகு முகம் சுருங்கியது. “அந்த சேர் என்னைக் கூப்பிட்டது என் மூளைக்காகவா, எங்கள் வீடு நிலாவெளி ரோட்டில் இருப்பதற்காகவா?” என்றாள்.

அதற்கு நான் விடை சொல்லக் கூடாது. அலமாரியில் இருந்து ஒரு பழைய கைக்கருவியை எடுத்துக் கொடுத்தேன். நீரின் உப்பளவு பார்ப்பது. கண்ணாடி முகப்பில் ஒரு துளி நீரை விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் உப்பளவு. உப்புவெளிக் கடலில் ஒரு போத்தல் நீர் எடுத்து வரச் சொன்னேன். வந்தாள், பார்த்தாள், “36” என்றாள். எழுதிக்கொண்டாள். பேனையை மூடப்போன கை நின்றது.

“மாமா, வெறும் வடிநீரை விட்டால் பூச்சியம் காட்ட வேண்டும் அல்லவா?”

விட்டாள். கோடு மூன்றில் நின்றது. கருவி மூன்று புள்ளி கூட்டிச் சொல்கிறது. கடலின் உப்பு 33தான். கொஞ்ச நேரம் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரிவுரையாளர் அனுப்பியிருந்த போன வருட அட்டவணையை மடிகணினியில் திறந்தாள். வாடைக் காற்றோடு வரும் மழையில் களப்பின் உப்பு இறங்குகிறது; அது எவரும் எதிர்பார்ப்பது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நாளில், ஒரே அளவில் எண்கள் ஏறியிருந்த ஒரு வாரம் இருந்தது. “அன்று களப்பு மாறியதா, கருவி மாறியதா?” என்றாள். என்னைக் கேட்கவில்லை, திரையைத்தான் கேட்டாள்.

இந்த ஒரு கேள்வியை எந்தப் பாடமும் கற்றுக் கொடுக்காது. ஆனால் அதற்கு விடை காணப் பாடம் வேண்டும். ஏறியது தற்செயலா, கருவிப் பிழையா, உண்மையான மாற்றமா என்று பிரித்தறிவதுதான் புள்ளிவிபரவியல். இலேசான பாடங்களால் கணக்கை நிரப்பச் சொன்ன சினேகிதிகள் இந்த இடத்தில் உதவ மாட்டார்கள். அமெரிக்கக் கலாநிதிப் படிப்பிலும் முதல் ஒன்றிரண்டு ஆண்டு பாடமும் தகுதிகாண் பரீட்சையும்தான். அங்கே தடுக்கி விழுகிறவர்களில் ஆய்வில் கெட்டிக்காரர்களும் உண்டு. கணித அடித்தளம் இல்லாமல் போனால் அதைப் புதிய ஊரில், புதிய மொழியில், குளிரில் கட்ட வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டாள். சொன்னேன்: களப்புக்குப் போ, புள்ளிவிபரவியலை விடாதே, கணித மாதிரியுருவாக்கத்தைத் தள்ளிப் போடு. அதற்கு அடுத்த வருடமும் இடமுண்டு. போன வருடத் தரவை உடனே அலச வேண்டியிருப்பதால் புள்ளிவிபரவியலுக்கு மட்டும் இப்போதே தேவை. அந்த மூன்று கிரெடிட்டின் 150 மணித்தியாலத்துக்கு ஆய்வை வாரம் பத்தில் இருந்து ஆறாகக் குறைக்கச் சொல்லிக் கேள். மிச்சத்தை உன் தூக்கத்தில் இருந்து எடுக்காதே, கைத்தொலைபேசியில் இருந்து எடு. 3.10ஐக் காப்பாற்ற வேண்டும் என்பதை மறக்காதே. ஒரு செமஸ்டரில் அது உடைந்தால் அடுத்த செமஸ்டரில் களப்பை விட்டு வெளியேறு. அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவை.

வேறு சில சில்லறை விடயங்களும் பேசினோம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவின் பவளப்பாறையை ஆராயலாமே என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அழகான ஆசைதான். ஆனால் புறாமலை 2003இல் இருந்து தேசியப் பூங்கா; வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கல்லையும் தொட முடியாது. அனுமதிக் கடிதம் வருவதற்குள் செமஸ்டர் ஓடிவிடும். கடல் வெப்பநிலை பற்றிய செய்மதித் தரவுகள் எவருக்கும் இலவசம், அவற்றில் வேண்டுமானால் தொடங்கு என்றேன். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை அச்சிடும் சஞ்சிகைகளின் மின்னஞ்சல் அவளுக்கும் வந்திருந்தது. அழிக்கச் சொன்னேன்.

அன்றிரவே விரிவுரையாளருக்கு எழுதினாள். மூன்று கேள்வி. வாரம் ஆறு மணித்தியாலம் போதுமா? அலசலில் ஒரு சிறிய கேள்வியை நானே எடுத்து நடத்தலாமா? போன வருடம் அந்த ஒரு வாரத்தில் கருவிக்குப் பூச்சியம் பார்த்தார்களா? மூன்றாவதை வெட்டிவிடு, கோபித்துக்கொள்வார் என்று அக்கா சொன்னாள். நான் வெட்ட விடவில்லை. கேள்விக்குக் கோபிக்கிறவரிடம் 300 மணித்தியாலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை; அது முதல் மின்னஞ்சலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

இரண்டு நாளாகப் பதில் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வை சொல்லத் தரமன்று. மூன்றாம் நாள் காலை வந்தது. முதலிரண்டுக்கும் ‘சரி’ என்று ஒரே வரி. மூன்றாவதற்கு அரைப் பக்கம். அந்த வாரம் கருவி மாற்றப்பட்டதாம். பூச்சியம் பார்த்ததற்குக் குறிப்பு இல்லையாம். பழைய கருவி இன்னும் ஆய்வுகூட இழுப்பறையில்தான் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதையே உன் கேள்வியாக எடுத்துக்கொள்கிறாயா என்று முடித்திருந்தார்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் படலை தட்டும் சத்தம். என் ரெஜிபோம் பெட்டியை இரவல் கேட்டு வந்திருந்தாள். அது நான் மீன் வாங்கப் போகும் பெட்டி. கழுவித்தான் தந்தேன், ஆனாலும் சூரை மணம் போகவில்லை. மாதிரிப் போத்தல்களை ஐஸில் அடுக்கி, அதைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறக்கக்கண்டிப் பாலத்தடிக்குப் போனாள். திங்கட்கிழமை விட்டுவிடுகிறேன் என்றவள் விடுமுறை முடிந்து போகும்போது பெட்டியையும் கொண்டு போய்விட்டாள். இப்போது நான் சந்தைக்கு வாளியோடு போகிறேன்.